காந்தத் திரவம்: வாங்குவதா, செய்வதா? துணைக்கு எந்தக் காந்தம்?

காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் கறுப்புத் திரவம் முள்ளு முள்ளாக எழுந்து நிற்கும் காட்சியைக் காணொளியில் பார்த்தவர்கள் அடுத்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதைப் பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கலாமா, இல்லை நாமே செய்துவிடலாமா? வழிகள் நிறைய இருக்கின்றன. முதல் நாளில் எல்லாமே ஓரளவு வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து அலமாரியைத் திறக்கும்போதுதான் எது நல்ல தேர்வு, எது வீண் செலவு என்று தெரியும். அதனால் இங்கே முள் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதைவிட, அது எவ்வளவு காலம் எழும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். காந்தத்துக்கு அவ்வளவு சுலபத்தில் வயதாவதில்லை. திரவமும் அதை அடைத்து வைத்திருக்கும் பாட்டிலும்தான் முதலில் கெடும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும்.

திரவம் எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அது ஏன் கெடுகிறது என்பதும் புரிந்துவிடும். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த நாசா லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் பாப்பெல் என்ற பொறியாளர் ஒரு சிக்கலுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருள் தொட்டியின் அடியில் தங்காது, இஷ்டத்துக்கு மிதக்கும். அப்படியானால் பம்பு எதை உறிஞ்சும்? எரிபொருளையே காந்தத்துக்கு இழுபடும்படி செய்துவிட்டால் என்ன என்று யோசித்தார். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை, ஓலிக் அமிலத்தோடும் எண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பன் திரவத்தோடும் சேர்த்து நாள்கணக்கில் அரைத்து எடுத்ததுதான் முதல் ஃபெரோஃப்ளூயிட், அதாவது காந்தத் திரவம். எரிபொருள் வேலைக்கு அது போகவில்லை. ஆனால் திரவம் பிழைத்துக்கொண்டது. ரொனால்ட் ரோசன்ஸ்வைக் அதன் இயற்பியலை விரிவாக எழுதினார். முள் எழும் நிகழ்வுக்கே இன்று அவர் பெயர்தான். 1968-இல் அவரும் ரொனால்ட் மோஸ்கோவிட்ஸும் சேர்ந்து ஃபெரோஃப்ளூயிடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

நல்ல ஃபெரோஃப்ளூயிடில் ஒரு துகளின் விட்டம் சுமார் 10 நானோமீட்டர். கன அளவில் பார்த்தால் பொதுவாக 5 சதவீதம் காந்தத் துகள், 10 சதவீதம் துகளைச் சுற்றியிருக்கும் பூச்சு, மீதி 85 சதவீதம் எண்ணெய் அல்லது நீர். துகள் இவ்வளவு சிறிதாக இருப்பதால் சுற்றியுள்ள மூலக்கூறுகள் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும், அடியில் படிய விடாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது பூச்சின் வேலை. இந்த இரண்டில் ஒன்று போனாலும் கதை முடிந்தது.

அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஸ்டோக்ஸ் விதியை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துகள் படியும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரோமீட்டர் இரும்புத் துகளை, நீரைப் போல 100 மடங்கு பாகுநிலை உள்ள எண்ணெயில் விட்டால் மணிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். ஒரே நாளில் 8 சென்டிமீட்டர், அதாவது ஒரு சின்ன பாட்டிலின் உயரம். 10 நானோமீட்டர் மேக்னடைட் துகளை நீரைவிட இரண்டு மடங்கு மட்டுமே கெட்டியான எண்ணெயில் விட்டாலும் இறங்குவது வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அதையும் மூலக்கூறுகளின் முட்டல் கலைத்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தேர்வுகளுக்குப் போகலாம்.

நான்கு வகைத் திரவங்கள்

மிக மலிவான வழி எண்ணெயில் இரும்புத்தூளையோ லேசர் பிரிண்டர் டோனரையோ கலப்பது. டோனரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில பிரிண்டர்களின் கறுப்பு டோனரில்தான் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. கலர் பிரிண்டர் டோனர் பெரும்பாலும் காந்தத்தைச் சட்டையே செய்யாது. கொஞ்சம் டோனரைக் காகிதத்தில் கொட்டி, கீழே காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முகக்கவசம் இல்லாமல் அதைக் கொட்டாதீர்கள், தூள் அவ்வளவு நுண்ணியது. டோனர் துகளின் அளவு மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் மேலே போட்ட கணக்குப்படி இதுவும் ஓரிரு நாளில் படிந்துவிடும், குலுக்கினால் மறுபடி வரும். காந்தத்துக்குக் கூர்மையான முள் வராது, மொத்தையாக எழும்பும். பலர் வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சில மாதங்களில் பிசுபிசுப்பாகி நாற்றமும் எடுக்கும். மினரல் ஆயில் அடிப்படையிலான பேபி ஆயில் அந்தத் தொல்லையைத் தராது. ஒரு நாள் கண்காட்சிக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, எம்.ஆர். (மேக்னட்டோ ரியாலஜிக்கல்) திரவம். இது ஃபெரோஃப்ளூயிடின் அண்ணன் என்று சொல்லலாம், வயதிலும் துகளின் பருமனிலும். 1940-களின் கடைசியில் அமெரிக்க தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் ஜேக்கப் ராபினோ இதை உருவாக்கினார். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள தூய இரும்புத் துகள் எண்ணெயில் இருக்கும். காந்தப் புலம் பட்டதும் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, திரவம் மில்லி விநாடிகளில் கெட்டியாகிவிடும். 2002-இல் கேடிலாக் செவில் காரில் வந்த மேக்னரைட் ஷாக் அப்சார்பருக்குள் இருந்தது இந்த வகைதான். முள் அழகுக்கு இது உதவாது. ஆனால் ஒரு கரண்டியை உள்ளே விட்டு, வெளியே காந்தத்தை வைத்ததும் கரண்டி சிக்கிக்கொள்வதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறந்தது இல்லை. காலப்போக்கில் இதற்கு இரண்டு நோய்கள் வரும். ஒன்று படிதல். ரொம்ப நாள் அசையாமல் வைத்தால் அடியில் இறுகிய அடுக்காகிவிடும், கிளறிக் கலப்பதற்குக் கை வலிக்கும். இன்னொன்று, ஓடிக்கொண்டே இருக்கும் கருவிகளில் வருவது. துகள்கள் உரசி உரசி மேற்பரப்பு உதிர்ந்து, அந்த நுண்தூளால் திரவமே தடித்துப்போகும். ஆய்வக அலமாரியில் இருப்பதற்கு இந்த இரண்டாவது நோய் வராது.

மூன்றாவது, நாமே வேதியியல் முறையில் செய்வது. ஃபெரிக் குளோரைடையும் ஃபெரஸ் குளோரைடையும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து அம்மோனியா ஊற்றினால் கறுப்பாக மேக்னடைட் வீழ்படியும். இந்தப் பாதையை 1981-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மஸ்ஸார் வெளியிட்டார். ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைக்கும், சர்க்யூட் போர்டு அரிப்பதற்காக விற்கிறார்கள். அதனாலேயே இந்த வழி ஆசை காட்டும். கறுப்பு வீழ்படிவு வரவழைப்பது சுலபம்தான். அதைத் திரவமாக நிற்க வைப்பதுதான் கடினம். ஃபெரஸ் உப்பு காற்று பட்டாலே ஃபெரிக்காக மாறத் தொடங்கும், விகிதம் குலையும். துகள்கள் ஒரே அளவில் வராது. பெரியவை சிறியவற்றையும் கூட்டிக்கொண்டு அடியில் உட்காரும். ஓலிக் அமிலப் பூச்சு எல்லாத் துகள் மேலும் சரியாக ஏறியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. நீர் அடிப்படையில் செய்யும் சில செய்முறைகளில் டெட்ராமெத்தில் அமோனியம் ஹைட்ராக்சைடு என்ற பொருள் வரும். அது தோல் வழியாக உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்தானது. காணொளியில் கையுறை போட்டுக்கொண்டு சாதாரணமாக ஊற்றுவதைப் பார்த்துப் பள்ளியில் முயல வேண்டாம். கல்லூரி வேதியியல் ஆய்வகம், புகை உறிஞ்சும் அலமாரி, பக்கத்தில் தெரிந்த ஆசிரியர், இவை இருந்தால் ஓலிக் அமில வழியை முயலலாம். கற்றுக்கொள்வதற்கு அது அருமையான பயிற்சி. காட்சிப்பொருளாக வைக்க வேண்டுமென்றால் அந்தத் திரவத்தை நம்ப முடியாது.

நான்காவது, தொழிற்சாலையில் செய்த எண்ணெய் அடிப்படைத் திரவத்தை வாங்குவது. கல்வி வேலைக்கு உலகம் முழுக்க அதிகம் போகும் இ.எஃப்.எச்.1 என்ற வகையை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி நீரைப் போல 1.21 மடங்கு, பாகுநிலை சுமார் 6 மடங்கு, காந்தத் தெவிட்டு நிலை (அது அதிகபட்சமாக ஏற்கக்கூடிய காந்தத்தன்மை) காஸ் என்ற காந்த அலகில் 440. மேக்னடைட்டின் சொந்தத் தெவிட்டு நிலை சுமார் 6000 காஸ் என்பதால், கணக்குப்படி திரவத்தில் கிட்டத்தட்ட பதினான்கில் ஒரு பங்கு காந்தப் பொருள். மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் விலை கசக்கும். ஆனால் 10 மில்லிலிட்டர் வாங்கினாலே ஒரு நல்ல பாட்டிலுக்குப் போதும். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

வாங்கிய திரவத்துக்கும் வயதாகும்

வாங்கிய திரவம் சாகாவரம் பெற்றதில்லை. அது கெடும் வழிகளில் முதன்மையானது ஆவியாதல். எண்ணெயின் இலேசான பகுதி மெல்லப் போய்விட்டால் மீதி கெட்டியாகும், முள் மந்தமாகும். மூடியைத் திறந்து தட்டில் ஊற்றிக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடும் பழக்கம்தான் திரவத்தின் முதல் எதிரி.

அடுத்தது துகளின் ஆக்சிஜனேற்றம். மேக்னடைட் மெதுவாக மேக்ஹெமைட்டாக மாறும், நிறம் கறுப்பிலிருந்து செம்பழுப்புக்கு நகரும். இதைப் பார்த்துப் பலர் துருப்பிடித்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மேக்ஹெமைட்டும் காந்தத்துக்கு இழுபடும் பொருள்தான். இழுபடும் வலிமை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையலாம், அவ்வளவே. பூச்சு நன்றாக இருக்கும் வரை முள் எழும்.

பூச்சு போனால்தான் மீட்சி இல்லை. அசிட்டோன், சோப்புத் தண்ணீர், வேறு வகைத் திரவம், இவற்றில் எதையாவது கலந்து "இளக்க" முயன்றால் துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். ஒருமுறை சேர்ந்தால் பிரிக்க முடியாது. வலிமையான காந்தத்தை மாதக்கணக்கில் பாட்டிலோடு ஒட்டி வைப்பதும் நல்லதல்ல. புலம் சடாரென்று மாறும் இடத்தில் பெரிய துகள்கள் போய்க் குவியும். தரமான திரவத்தில் காந்தத்தை எடுத்து ஆட்டினால் மறுபடி கலந்துவிடும். சுமாரான திரவத்தில் அடியில் கசடு தங்கிவிடும். வேலை முடிந்ததும் காந்தத்தைத் தனியாக எடுத்து வைப்பது ஒரு செலவும் இல்லாத பராமரிப்பு.

இதற்கெல்லாம் நேரடிச் சாட்சி பழைய ஸ்டீரியோ பெட்டிகளின் ட்வீட்டர்கள். அதிக சுருதி ஒலியைத் தரும் அந்தச் சிறிய ஸ்பீக்கரில், காயில் எனப்படும் கம்பிச்சுருள் அசையும் இடுக்கில் ஃபெரோஃப்ளூயிட் விடுவது 1970-களிலிருந்து வழக்கம். காற்றைவிடப் பல மடங்கு நன்றாக அது வெப்பத்தைக் கடத்தும், காயில் தேவையில்லாமல் அதிர்வதையும் அடக்கும். இருபது முப்பது வருடம் ஆன ட்வீட்டரைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் திரவம் காய்ந்த ஷூ பாலிஷ் போல இறுகி, காயிலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒலி மங்கிப்போனதற்குக் காரணம் அதுதான். இடுக்கைத் துடைத்துப் புதுத் திரவம் விட்டால் பல ட்வீட்டர்கள் மறுபடி பாடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே ட்வீட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் காந்தம் ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து பிடுங்கும் அளவுக்கு இன்னும் வலுவாகவே இருக்கும். ஒரே வெப்பம், ஒரே வயது. ஒன்று காய்ந்துபோனது, இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாட்டில்

கண்ணாடிக் குப்பியில் நீர் போன்ற தெளிந்த திரவமும் அதனடியில் கறுப்புத் திரவமும் இருக்கும் காட்சிப்பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் செய்த பாட்டில்களில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே உள்பக்கம் பழுப்புக் கறை படிந்து பார்க்க முடியாமல் போகும். திரவத்தின் மேல் தப்பில்லை. எண்ணெய் அடிப்படைத் திரவம் காய்ந்த கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் கழுவி, முதலில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சுவர் முழுக்க நனைய விட்டு, அப்புறமே கறுப்புத் திரவத்தைச் சொட்டாக விட வேண்டும். வரிசை மாறினால் கறை உறுதி. வடிநீரில் உப்புக் கரைத்துக்கொள்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தகர மூடி ஆகாது, உப்புநீர் அதை அரித்துத் துரு கலங்கிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எண்ணெய் அதன் சுவரை விடாது. மூடிக்குக் கீழே கொஞ்சம் காற்றிடம் விடுங்கள். வெயிலில் திரவம் விரியும்போது அந்த இடம்தான் கண்ணாடியைக் காப்பாற்றும்.

உண்மையைச் சொன்னால், கையில் நேரம் இல்லாதவர்கள் அடைத்து முத்திரை வைத்த பாட்டிலாகவே வாங்கிவிடலாம். வெளித்திரவத்தின் கலவையை விற்பவர்கள் ரகசியமாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டிலின் விலையில் பாதி அந்த ரகசியத்துக்குத்தான்.

காந்தங்கள்

காந்தம் வலிமை இழப்பது மூன்று விதம். சூடானால் கொஞ்சம் குறைந்து, ஆறியதும் திரும்பி வருவது ஒன்று. அளவு மீறிச் சூடானாலோ எதிர்ப் புலத்தில் சிக்கினாலோ ஒரு பகுதி போய், மறுபடி காந்தமேற்றினால்தான் வருவது இன்னொன்று. துருவாலோ வெப்பத்தாலோ பொருளே மாறிப்போய், எது செய்தாலும் வராதது மூன்றாவது. "காலம்" மட்டும் செய்யும் கெடுதல் இந்த மூன்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, அதுவும் மடக்கை விதிப்படி நடக்கும். முதல் மணியிலிருந்து பத்தாவது மணி வரை எவ்வளவு இழக்குமோ, ஏறக்குறைய அதே அளவை மறுபடி இழக்க நூறாவது மணி வரை ஆகும், அடுத்ததற்கு ஆயிரமாவது மணி வரை. அறை வெப்பத்தில் ஒழுங்காக வைத்திருந்தால் பத்து வருடத்தில் ஓரிரு சதவீதத்தைத் தாண்டுவதே அரிது. ஆகவே "காந்தம் பழசாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அதற்கு என்ன சூடு பட்டது, எங்கே அரித்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஃபெரைட் காந்தம்தான் பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கருஞ்சாம்பல் வளையம். 1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் கலந்த இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீரில் கிடந்தாலும் கவலையில்லை. தேக்கி வைக்கும் புலம் சுமார் 0.4 டெஸ்லா, நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 0.2 சதவீதம் குறையும், ஆறினால் திரும்பிவிடும். மற்ற காந்தங்களுக்கு நேர்மாறாக, எதிர்ப் புலத்தைத் தாங்கும் சக்தி இதற்குக் குளிரில்தான் குறையும். நம் ஊர் வெப்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கீழே போட்டால் உடையும். மற்றபடி இதைக் கெடுப்பது கஷ்டம்.

அல்நிகோவைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1931-இல் ஜப்பானின் தொக்குஷிச்சி மிஷிமா கண்டறிந்த உலோகக் கலவையிலிருந்து வளர்ந்த குடும்பம். சூட்டைப் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் எதிர்ப் புலத்தின் முன்னால் சீக்கிரம் சரணடையும். ஒரே முனைகள் எதிரெதிரே இருக்கும்படி பெட்டியில் போட்டு வைத்தாலே வலிமை போகும். பள்ளியில் லாட காந்தத்தின் இரு முனைகளையும் சேர்த்து இரும்புத் துண்டு போட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த ஒழுக்கத்தை மாணவர்களிடம் எதிர்பார்ப்பதற்குப் பதில் வேறு காந்தம் வாங்கிவிடலாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் நியோடிமியம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியாக வந்தடைந்த பொருள் இது: நியோடிமியம், இரும்பு, போரான். நியோடிமியத்தின் மூலமான மோனசைட் மணலை நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில்தான் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பிரித்தெடுக்கிறது. மணல் நம் கடற்கரையில் இருந்தும் முடிந்த காந்தத்துக்குச் சீனாவையே நம்பியிருந்தோம் என்பது, 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்து வண்டித் தொழிற்சாலைகள் தவித்தபோதுதான் பலருக்கு உறைத்தது.

இதன் வலிமை 1.2 முதல் 1.4 டெஸ்லா. பலவீனங்கள் இரண்டு. ஒன்று வெப்பம். பெயரில் வேறு எழுத்து எதுவும் ஒட்டாத சாதாரண என்35, என்42 வகைகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை 80 டிகிரி செல்சியஸ். அதுவும் காந்தம் தடித்ததாக இருந்தால்தான். மெல்லிய வட்டுக் காந்தத்தில் அதன் சொந்தப் புலமே அதற்கு எதிராக அதிகம் வேலை செய்யும், ஆகவே எல்லைக்கு முன்பே வலிமை கழன்றுவிடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரின் டாஷ்போர்டில் இதை வைத்துவிட்டுப் போவது அந்த எல்லையோடு விளையாடுவதுதான். அதிகச் சூடு தாங்க வேண்டுமென்றால் எச், எஸ்.எச் என்ற எழுத்துகள் சேர்ந்த வகைகள் உண்டு, முறையே 120, 150 டிகிரி வரை. என்52-வைப் பெருமைக்காக வாங்காதீர்கள். என்35-ஐவிடப் புலம் ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். வெப்பம் தாங்குவதில் அது பெரும்பாலும் இன்னும் மோசம்.

இரண்டாவது பலவீனம் ஈரம். நியோடிமியக் காந்தம் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்வது. அந்தப் பொடியின் மணிகளுக்கு இடையே நியோடிமியம் மிகுந்த மெல்லிய அடுக்கு இருக்கும். ஈரக்காற்று முதலில் கடிப்பது அந்த அடுக்கைத்தான். அது போனதும் மணிகள் உதிரும், காந்தம் சாம்பல் பொடியாகும். இது மூன்றாம் வகை இழப்பு, மீட்பு கிடையாது. இதைத் தடுக்கத்தான் நிக்கல், செம்பு, நிக்கல் என்று மூன்றடுக்கு முலாம் பூசுகிறார்கள். இரண்டு காந்தங்கள் பாய்ந்து மோதிக்கொள்ளும்போது ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், கடலோர ஊரின் உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். எபாக்சி பூசியதோ பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதோ வாங்கினால் இந்த வாசல் அடைபடும். உறை இருந்தால் இன்னொரு நன்மை. கறுப்புத் திரவம் வெறும் நியோடிமியத்தின் மேல் ஒருமுறை சிந்திவிட்டால் முழுசாகத் துடைத்து எடுக்கவே முடியாது, துடைக்கும் தாளைவிடக் காந்தம்தான் வலுவாக இழுக்கும்.

சமாரியம் கோபால்ட் துருவையும் சூட்டையும் பொருட்படுத்தாது, 250 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும். விலை அதிகம், சுலபத்தில் நொறுங்கும். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு பாட்டிலுக்கு இது தேவையே இல்லை.

மின்காந்தம் தனிக் கதை. 12 வோல்ட்டில் ஓடும் வட்டமான தூக்கு மின்காந்தங்கள் கிடைக்கின்றன. மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து முள் எழுவதையும் அடங்குவதையும் காட்டலாம், பாட்டுக்கு ஏற்ப ஆட வைக்கலாம். காந்தத்தன்மை பழசாகும் பேச்சே இல்லை. சூடுதான் பிரச்சினை. தொடர்ந்து போட்டால் சுருள் கை வைக்க முடியாத அளவுக்குக் காயும், அந்தச் சூடு நேராகத் திரவத்துக்குப் போய் ஆவியாதலைத் துரிதப்படுத்தும். பாட்டிலுக்கும் சுருளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, விட்டு விட்டு ஓட்டினால் சமாளிக்கலாம்.

எதை எதோடு சேர்ப்பது

வலிமையான காந்தம் என்றால் பெரிய முள் என்று நினைப்பது இயல்பு. நடப்பது பெரும்பாலும் வேறு. முள் எழத் தொடங்கும் கட்டத்தில் முள்ளுக்கு முள் இடைவெளியைத் தீர்மானிப்பது திரவத்தின் பரப்பு இழுவிசையும் எடையும்தான். இந்த வகை எண்ணெய்த் திரவத்துக்கு அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வரும். நியோடிமியத்தை மிக அருகில் கொண்டுபோனால் புலம் சடாரென்று மாறுவதால் திரவம் கீழ்நோக்கி இன்னும் பலமாக இழுபடும், எடை கூடியது போன்ற விளைவு. முட்கள் நெருங்கிச் சின்னச் சின்னதாகிவிடும். அகலமான ஃபெரைட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழே வைத்தால், புலம் மெதுவாக மாறுவதால் எண்ணிக்கையில் குறைவாக, அகன்று பருத்த முட்கள் வரும். வகுப்பின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டியவை அவைதான்.

ஆகவே பள்ளி ஆய்வகத்துக்கு என் தேர்வு, வாங்கிய எண்ணெய்த் திரவம் அடைத்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஃபெரைட் வளையம் இரண்டு மூன்று. திரவத்தைத் துரத்தி விளையாடக் கைப்பிடியோடு உறைக்குள் இருக்கும் தடித்த நியோடிமியம் ஒன்று கூடச் சேர்க்கலாம். சிறிய, தனித்தனி நியோடிமிய உருண்டைகளும் வட்டுகளும் மாணவர் கைக்குப் போகவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு அவை ஒட்டிக்கொள்ளும், உடனடி அறுவை சிகிச்சை வரை போகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தாலும் பெரிய நியோடிமியம் வேண்டாம், ஃபெரைட்டையும் அவர்கள் மார்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம்.

ஒரு நாள் கண்காட்சி மட்டும் என்றால் டோனரும் பேபி ஆயிலும் போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். பொறியியல் மாணவர் பிரேக்கோ ஷாக் அப்சார்பரோ செய்து காட்டப் போகிறார் என்றால் எம்.ஆர். திரவமும் மின்காந்தமும்தான் சரி. அங்கே ஃபெரோஃப்ளூயிட் வாங்கினால் ஏமாற்றம், அது புலத்தில் அவ்வளவாகக் கெட்டியாகாது. வீட்டு மேசைக்கு அலங்காரமாக வேண்டும் என்றால் முத்திரை வைத்த பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம், ஜன்னல் வெயில் படாத இடமாகப் பாருங்கள்.

ஏற்கெனவே கெட்டியாகிப்போன திரவம் கையில் இருக்கிறதா? விற்றவரிடம் அதே வகைக்கான எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் சில சொட்டு விட்டு மெதுவாகக் கலந்து, காந்தத்தை அடியில் காட்டிப் பாருங்கள். மென்மையான முள் திரும்பினால் போனது எண்ணெய் மட்டும்தான். கட்டிகட்டியாக நகர்ந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதை மரத்தூளிலோ பழைய செய்தித்தாளிலோ ஊற விட்டுக் கட்டி, பெயிண்ட் டப்பா போன்ற கழிவுகளோடு கொடுத்துவிடுங்கள். வாஷ்பேசினில் ஊற்றினால் அந்தக் கறை வாடகை வீட்டின் அட்வான்ஸில் ஒரு பகுதியைச் சாப்பிட்டுவிடும்.